செயலிக்கு அழைப்பதா, எண்ணுக்கு அழைப்பதா?

சென்னையிலிருந்து வாட்ஸ்அப்பில் பேசினால் டேட்டா செலவு மட்டும்தான். எந்த நாடானாலும் ஒன்றுதான். ஆனால் எதிர்முனையிலும் இணையம் வேண்டும்.

இணையம் வழியாகச் சாதாரண தொலைபேசி எண்ணுக்கு அழைப்பது வேறு கதை. கடல் கடக்கும் செலவு சொற்பம். கடைசியில் அழைப்பு அந்த நாட்டு நெட்வொர்க்குக்குள் நுழையும்போது உள்ளூர் நிறுவனம் ஒரு கட்டணம் வாங்குகிறது. விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதுதான். அமெரிக்காவுக்கு அது மிகக் குறைவு. மாலத்தீவு, கியூபாவுக்குப் பல மடங்கு. தூரம் இதில் கணக்கே இல்லை: மாலே நமக்குப் பக்கம், நியூயார்க் எங்கோ இருக்கிறது! பல நாடுகளில் லேண்ட்லைனைவிட மொபைலுக்கு அதிகம் வேறு.

யாழ்ப்பாணத்துப் பெரியம்மாவிடம் பட்டன் போன்தான் என்றால் இரண்டாவதுதான் வழி. நிமிடக் கட்டணத்தை முதலில் பார்த்துவிடுங்கள்.