திருவனந்தபுரமா, தூத்துக்குடியா? ஒரு கார் ஓட்டுநரின் விமான நிலைய மதிப்புரை

மார்த்தாண்டத்தில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். எங்கள் பக்கத்தில் கல்ஃபில் ஆள் இல்லாத வீடு குறைவு. அதனால் எனக்குக் கிடைக்கும் ஓட்டங்களில் பாதி ஏர்போர்ட் ஓட்டம்தான். விமான நிலையங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் உள்ளே இருக்கிற லவுஞ்ச், மசாஜ் நாற்காலி, காபி விலை என்றே எழுதுகிறார்கள். ஒருவர் பறக்க, ஏழு பேர் வழியனுப்ப வருகிற ஊர் எங்களுடையது. அந்த ஏழு பேருக்கும் வண்டி ஓட்டி வந்தவனுக்கும் விமான நிலையம் என்பது கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் மட்டும்தான். வண்டியை எங்கே போடுவது, முட்டு வலிக்காரப் பாட்டி எங்கே உட்காருவார், பிள்ளையைக் கழிவறைக்கு எங்கே கூட்டிப்போவது, நடு ராத்திரியில் சாயா கிடைக்குமா. இதை வைத்துத்தான் நான் மார்க் போடுவேன்.

முதலில் திருவனந்தபுரம். குமரி மாவட்டத்துக்கு ஏர்போர்ட் என்றாலே அதுதான். நாகர்கோவிலிலிருந்து 70 கிலோமீட்டர், மார்த்தாண்டத்திலிருந்து 50-க்குள். இப்போது வேறு மாநிலம் என்றாலும் 1956 நவம்பர் 1 வரை நாங்களும் திருவிதாங்கூர்ப் பக்கம்தானே. திருவிதாங்கூர் அரச குடும்பத்து மருமகன் ஜி.வி.ராஜா முன்னின்று 1932-ல் பறக்கும் கழகத்துக்காக அந்தத் தளத்தைத் தொடங்கியபோது அது எங்கள் ராஜ்யத்து விமானத்தளம். 1935-ல் டாடாவின் தபால் விமானம் அங்கே வந்து இறங்கியது. 1991-ல் சர்வதேச விமான நிலையம் ஆனது. டெல்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் நான்கையும் விட்டால் நாட்டில் அதுதான் முதல். எங்கள் ஊர் ஆட்கள் கல்ஃபுக்குப் பறக்கப் பம்பாய் வரை ரயிலில் போன காலம் அப்படித்தான் மெல்ல முடிந்தது. 2021 அக்டோபரில் நிர்வாகம் அதானி குழுமத்தின் கைக்குப் போனது.

இந்த விமான நிலையத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு சங்கதி உண்டு. வருடத்தில் இரண்டு நாள், சுவாமியைக் கடலில் நீராட்டும் பங்குனி ஆராட்டுக்கும் ஐப்பசி ஆராட்டுக்கும், பத்மநாபசுவாமி ஊர்வலம் ஓடுபாதையைக் குறுக்காகக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். அன்று சாயங்காலம் தொடங்கி ஏறத்தாழ ஐந்து மணி நேரம் விமானம் எதுவும் இறங்காது, ஏறாது. விமானக் கம்பெனிகளுக்கு முன்கூட்டியே அறிவிப்புப் போய்விடும், ஆகவே நேரம் மாற்றித்தான் டிக்கெட் போடுவார்கள். பயணிக்குப் பெரிய பாதிப்பு இல்லை, பக்கத்துச் சாலைகளில்தான் நெரிசல். நவராத்திரிக்கு முன்னால் வருவது வேறு. பத்மநாபபுரம் சரஸ்வதி, வேலிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூன்று பேரும் எங்கள் மாவட்டத்திலிருந்து களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரம் போவார்கள். அந்த நாட்களில் ஏர்போர்ட் ஓட்டம் வந்தால் நான் வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் முன்னாடியே வண்டியை எடுத்துவிடுவேன்.

வழியைச் சொல்லிவிடுகிறேன். பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று பழைய சாலையில் போனால் பகலில் பொறுமை வேண்டும். களியக்காவிளை தாண்டிக் காரோடு என்ற இடத்தில் நான்குவழிச் சாலையைப் பிடித்துவிட்டால் முக்கோலை, திருவல்லம் வழியாக நேரே சாக்கை. நடுவில் திருவல்லத்தில் சுங்கச்சாவடி. அந்தக் காசு நேரத்துக்குத் தரும் கூலி, நான் குறை சொல்ல மாட்டேன்.

சாக்கை என்று ஏன் சொல்கிறேன் என்றால், இங்கே டெர்மினல் இரண்டு, அதுவும் ஓடுபாதைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. டெர்மினல் 1 சங்குமுகம் கடற்கரை ஓரம். டெர்மினல் 2, 2011-ல் திறந்த பெரிய கட்டடம், சாக்கைப் பக்கம், பைபாஸை ஒட்டி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போக முடியாது, சுற்றித்தான் வரவேண்டும். உள்நாடு என்றால் ஒன்று, வெளிநாடு என்றால் இரண்டு என்று கணக்குப் போட்டுக் கிளம்பாதீர்கள். உள்நாட்டு விமானமும் டெர்மினல் 2-லிருந்து போவதுண்டு. டிக்கெட்டில் எண் இருக்கும். வண்டியில் ஏறும்போதே டிரைவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள், சாக்கையில் வைத்துச் சொன்னால் கொஞ்சம் கஷ்டம்.

காத்திருப்பவர்கள் கணக்கில் டெர்மினல் 1-க்குத்தான் என் ஓட்டு. காரணம் கட்டடம் அல்ல, கடல். விமானம் தாமதம் என்றால் சங்குமுகத்தில் காற்று வாங்கலாம், கானாயி குஞ்ஞிராமன் செய்த சாகரகன்யகை என்ற கடல்கன்னி சிலையைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். கடல் அரித்து அரித்துச் சாலையே போன இடம் அது. பிறகு மண்ணுக்கடியில் சுவர் எழுப்பிச் சாலையை மீட்டார்கள். டெர்மினல் 2-ல் அந்த வசதி இல்லை. ராத்திரி ஒரு மணிக்கு மேல் கல்ஃப் விமானங்கள் வரிசையாக இறங்கும் நேரத்தில் வெளியே ஒரு கூட்டம் நிற்கும் பாருங்கள், திருவிழாவில் பாதி. கண்ணாடிக்குள் தள்ளுவண்டி தெரிந்ததும், "அந்தா மாமா, நீலச் சட்டை!" என்று ஒரு பிள்ளை கத்தும். மாமா வேறு யாரோவாக இருப்பார். இது ஒவ்வொரு விமானத்துக்கும் நடக்கும்.

2025 ஜூனில் பிரிட்டன் கடற்படையின் எஃப்-35பி போர் விமானம் ஒன்று இங்கே அவசரமாக இறங்கியது. ஜூன் 14-ல் வந்தது, பழுதாகி நின்றுபோய் ஜூலை 22-ல்தான் கிளம்பியது. ஊரெல்லாம் ராணுவ ரகசியம் பேசியபோது, எங்கள் டாக்ஸி ஸ்டாண்டில் நடந்த விவாதம் ஒன்றே ஒன்றுதான்: பார்க்கிங் கட்டணம் எவ்வளவு வந்திருக்கும்?

பார்க்கிங் பற்றிப் பொதுவாகச் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. எந்த ஏர்போர்ட்டிலும் கட்டணம் அரை மணி, இரண்டு மணி என்று படிப்படியாக ஏறும். பெயர் வேண்டாம், ஒரு விமான நிலையத்தில் வெளியே போகிற வரிசையில் முன்னால் நின்ற வண்டிக்குச் சில்லறை இல்லை என்று கவுண்டரில் தகராறு. அது முடிவதற்குள் என் சீட்டு அடுத்த படிக்கு ஏறிவிட்டது. நின்றது அவர்கள் வரிசையில், காசு என்னுடையது. எவ்வளவோ பேசிப் பார்த்தேன், கம்ப்யூட்டர் காட்டுவதுதான் கணக்கு என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே ஆள் வெளியே வந்ததும் கட்டிப்பிடிப்பது, பூ கொடுப்பது, போட்டோ எடுப்பது எல்லாம் வண்டியை வெளியே எடுத்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நுழையும்போதே கட்டணப் பலகையைக் கைபேசியில் படம் பிடித்துவிடுங்கள்.

டிக்கெட் விலை ஏன் கூடியது என்று கேட்கிறவர்களுக்கு: திருவனந்தபுரத்தில் 2024 ஜூலையிலிருந்து, விமான நிலையத்தைப் பயன்படுத்துவதற்கு வாங்கும் பயனர் கட்டணம் உள்நாட்டுப் பயணிக்கு 506 ரூபாயிலிருந்து 770 ஆனது, வெளிநாட்டுப் பயணிக்கு 1,069-லிருந்து 1,540. புதிதாக, வந்து இறங்குகிறவருக்கும் 330, 660 என்று போட்டார்கள். அதன்பிறகும் ஆண்டுதோறும் ஏறும்படிதான் அனுமதி. டிக்கெட்டுக்குள்ளேயே சேர்ந்துவிடுவதால் பலருக்குத் தெரிவதில்லை. அம்மா, அப்பா, இரண்டு பிள்ளை என்று வரும் குடும்பத்துக்கு இது சின்னக் காசு இல்லை.

அப்புறம் பெட்டி. எங்கள் ஊர்ப் பெட்டியை எங்கே கண்டாலும் சொல்லிவிடலாம். அட்டைப்பெட்டி, நீல நைலான் கயிறு குறுக்கும் நெடுக்கும், நான்கு பக்கமும் மார்க்கரில் பெயர். உள்ளே முந்திரிக்கொத்து, ஏத்தங்காய் சிப்ஸ், கருவாடு, மாங்காய் ஊறுகாய், கருப்பட்டி. வீட்டிலேயே தூக்குத் தராசில் கட்டி நிறுத்து, ஒரு கிலோ கூடியதும் எதை எடுப்பது என்று மாமியாருக்கும் மருமகளுக்கும் நடக்கும் பேச்சுவார்த்தையை வாசலில் நின்று நான் கேட்டிருக்கிறேன். எடுக்கவேண்டிய முதல் பொருள் கொப்பரை. எண்ணெய்ச் சத்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய சரக்கு என்று விமானத்தில் தடை. பெட்டியில் போட்டாலும் பிரித்து எடுத்துவிடுவார்கள். இரண்டாவது கசகசா. நமக்கு அது குருமா மசாலா, சவுதியிலும் துபாயிலும் போதைப்பொருள் வழக்கு. ஒரு சிட்டிகைகூட வேண்டாம். ஊறுகாயைக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் போடுங்கள்.

தேதியும் கவனம். 15-ஆம் தேதி ராத்திரி 12.40 விமானம் என்றால் 14-ஆம் தேதி ராத்திரி சாப்பாட்டுக்கே வீட்டில் உட்காரக்கூடாது. எங்கள் ஸ்டாண்டில் புக்கிங் எழுதும்போது கிழமையையும் சேர்த்துக் கேட்டுத்தான் எழுதுவோம்.

சரி, தூத்துக்குடி. வாகைக்குளத்தில் இருக்கிறது, 1992-லிருந்து. நீண்ட காலம் ஓடுபாதை 1,350 மீட்டர்தான், அதில் இறக்கையில் விசிறி சுற்றும் சின்ன ஏடிஆர் விமானங்களுக்கு மட்டுமே இடம். 2025 ஜூலை 26-ல் புதிய முனையத்தைப் பிரதமர் திறந்து வைத்தார். செலவு சுமார் 450 கோடி, பரப்பு 17,340 சதுர மீட்டர், நெரிசல் நேரத்தில் 1,350 பேரைத் தாங்கும். ஓடுபாதை 3,115 மீட்டராக நீண்டிருப்பதால் இனி பெரிய விமானமும் இறங்கலாம். சென்னைக்கோ பெங்களூருக்கோ போகிறவர், ஆரல்வாய்மொழி, தோவாளை, நாகர்கோவில் பக்கம் இருந்தால் யோசிக்கலாம். நூறு கிலோமீட்டருக்கு மேல் என்றாலும் முப்பந்தல் காற்றாலைகளைத் தாண்டியதும் வள்ளியூர், நாங்குநேரி, திருநெல்வேலி வரை சாலை நல்லது, தூரத்தை நேரம் ஈடுகட்டிவிடும். எங்களைப் போல மேற்குப் பக்கத்துக்காரர்களுக்கு அது வேலைக்காகாது. மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் போய்ச் சேரும் நேரத்தில் திருவனந்தபுரத்தையே பார்த்துவிடலாம்.

நாகர்கோவிலிலிருந்து மதுரை ஏறத்தாழ 240 கிலோமீட்டர். கொழும்பு, சிங்கப்பூர் விமானம் மலிவாகக் கிடைத்தால் மட்டும் போங்கள், மற்றபடி வேண்டாம்.

கொச்சி, அதாவது நெடும்பாசேரி, நாகர்கோவிலிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர். 1999-ல் பொதுமக்களும் வெளிநாட்டு மலையாளிகளும் பங்கு போட்டுத் தொடங்கிய விமான நிலையம். 2015-லிருந்து முழுக்கச் சூரிய மின்சாரத்தில் ஓடுகிறது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இரண்டு வாரம் மூடிக் கிடந்ததும் இதுதான். அங்கே டிக்கெட் இரண்டாயிரம் குறைவு என்று சந்தோஷப்பட்டு என்னைக் கூப்பிடுவார்கள். கார் வாடகையைச் சொன்னதும் போனில் ஒரு மௌனம். தனி ஆளாகப் போனால் ரயிலில் ஆலுவாவில் இறங்கிக்கொள்ளுங்கள், அப்போதுதான் அந்த இரண்டாயிரம் மிஞ்சும்.

சென்னைக்கு எனக்கு ஓட்டம் வராது, ஆனாலும் யாராவது கேட்டால் சொல்லும் யோசனை இதுதான். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் எழும்பூர் வரை போய், அங்கிருந்து திரும்ப மீனம்பாக்கம் வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வேண்டாம். தாம்பரத்தில் இறங்கி, அதே நிலையத்தில் புறநகர் மின்சார ரயிலில் ஏறினால் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம். திரிசூலத்தில் இறங்கிச் சாலையைக் கடந்தால் விமான நிலையம். காமராஜர் பெயரில் உள்நாட்டு முனையம், அண்ணா பெயரில் பன்னாட்டு முனையம். தூக்கிச் சுமக்க முடிகிற பெட்டியாக இருந்தால் ஆட்டோகூட வேண்டாம்.