பூனைக்கும் நாய்க்கும் கு.க. ஆபரேஷன்: ஆபரேஷனுக்கு அஞ்சு ஸ்டார், கோனுக்கு ஒண்ணு

எங்க பெட்டைப் பூனைக்கும் கடுவன் நாய்க்கும் கொஞ்ச நாள் இடைவெளில ஒரே கிளினிக்லதான் இந்த கருத்தடை ஆபரேஷன் பண்ணோம், அதனால ரிவ்யூவையும் சேர்த்தே போட்டுடறேன். ஆபரேஷனுக்கு அஞ்சுக்கு அஞ்சு. தையலை நக்காம இருக்க கழுத்துல மாட்டச் சொல்லி கையில குடுத்தனுப்புற அந்த பிளாஸ்டிக் கோனுக்கு ஒண்ணு, அதுவும் பாவம் பாத்து.

டாக்டர்கிட்ட எனக்குப் புடிச்சது, அவசரப்படாதது. பூனை கடைசியா எப்ப ஹீட்ல, அதாவது இணை தேடுற பருவத்துல, இருந்துச்சுன்னு மொதல்ல கேட்டாரு, ஏன்னா அந்த டைம்ல கர்ப்பப்பைக்குப் போற ரத்தக்குழாய் எல்லாம் வீங்கி இருக்கும், ரத்தம் ஜாஸ்தி போக சான்ஸ் இருக்காம், அது அடங்கட்டும்னு தள்ளிப் போட்டாரு. அப்புறம் எடை, ரத்த டெஸ்ட், அதுக்கப்புறம்தான் தேதி. முந்தின நாள் ராத்திரிக்கு மேல சாப்பாடு கூடாது, தண்ணி ஓகே. ரொம்ப சின்ன குட்டின்னா இவ்ளோ நேரம் பட்டினி போடாதீங்க, சுகர் எறங்கிடும், எத்தனை மணி நேரம்னு அவர்கிட்டயே கேட்டுக்கோங்க.

"ஒரு தடவையாவது குட்டி போடட்டும், அப்புறம் பண்ணலாமே"ன்னு எங்க வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் சொல்லிட்டாங்க. டாக்டர் சிரிச்சாரு. அதனால உடம்புக்கு எந்த லாபமும் கிடையாது. பூனை 4, 5 மாசத்துலயே சினை புடிச்சிடும், ரெண்டு மாசத்துல குட்டி, அந்தக் குட்டிங்க இன்னும் பால் குடிச்சிட்டு இருக்கும்போதே அடுத்ததுக்கும் தயாராயிடும். அத்தனை குட்டிக்கும் வீடு பாக்கப் போறது யாரு, அட்வைஸ் பண்றவங்களா?

ஆனா என்னைய உண்மையிலேயே பயமுறுத்துனது பயோமெட்ராதான். கருத்தடை பண்ணாத பெட்டைக்கு, முக்கியமா வயசான நாய்க்கு, ஹீட் முடிஞ்சு சில வாரம் கழிச்சு கர்ப்பப்பைக்குள்ள சீழ் கட்டிக்கும். தண்ணி தண்ணியா குடிக்கும், சோந்து படுக்கும், சீழ் வெளிய வராம உள்ளேயே அடைச்சிக்கிச்சுன்னா நமக்கு தெரியறதுக்குள்ள உயிருக்கே ஆபத்து. அப்பவும் பெரும்பாலும் இதே ஆபரேஷன்தான், ஆனா நோயோட, ராத்திரி நேரத்துல, எமர்ஜென்சியா. கர்ப்பப்பையையும் சினைப்பையையும் முன்னாடியே எடுத்துட்டா அந்தக் கவலை விட்டுது. பூனைக்கு வர்ற மார்புக் கட்டியில பெரும்பாலானது கேன்சர்தான், சின்ன வயசுலயே பண்ணிட்டா அந்த ரிஸ்க்கும் நல்லா கொறையுது.

சாயங்காலம் பூனைய வாங்கும்போது கண்ணோட உள்மூலையில இருந்து வெள்ளையா ஒரு சவ்வு பாதி கண்ணை மூடியிருந்துச்சு, பின்னங்கால் ரெண்டும் வேற வேற பக்கம் போகுது, இதுல அலமாரி மேல வேற தாவப் பாக்குது. மயக்கம் தெளியற வரைக்கும் தரையிலேயே ஒரு ரூம்ல அடைச்சு வைங்க. வயித்துல முடி வழிச்ச எடம்தான் பெருசு, காயம் சின்னதுதான்.

கடுவனுக்கு இன்னும் சிம்பிள், விதையை எடுத்துட்டு உடனே அனுப்பிட்டாங்க. "வீரம் போயிடுமே"ன்னாங்க, காலிங் பெல் அடிச்சா இப்பவும் வீடே அதிருது. வீட்டுக்குள்ள காலைத் தூக்கறதும் கேட் தாண்டி ஓடறதும் நல்லாவே கொறைஞ்சிருக்கு. பயத்துல கடிக்கிற நாயை இது மாத்தும்னு மட்டும் நம்பாதீங்க, அதுக்கு பழக்கணும். இன்னொண்ணு, ஆபரேஷன் முடிஞ்சும் சில வாரத்துக்கு கடுவனால சினை புடிக்க வைக்க முடியும், பெட்டைகிட்ட விடாதீங்க. பெரிய ஜாதி நாய்க்கு எலும்பு வளர்ந்து முடியட்டும்னு ஒரு வருஷம், ஒன்றரை வருஷம்கூட தள்ளச் சொல்லுவாங்க, மூட்டுக்கு நல்லதாம்.

இப்ப கோன். பூனைக்கு மாட்டின உடனே அது பின்னாடியே நடக்க ஆரம்பிச்சிடுச்சு, கதவு நிலையில டங்குனு ஒரு இடி, கிண்ணத்துல வாய் எட்டல. தட்டையான தட்டுக்கு மாத்தினப்புறம்தான் சாப்பிட்டுச்சு. பேசாம துணி சூட் வாங்கிட்டேன், அதுக்கு நாலு ஸ்டார். போட்ட உடனே செத்த மாதிரி சாஞ்சு படுக்கும், பதறாதீங்க, நாடகம். தினமும் அவுத்து தையலைப் பாக்கணும், செவந்து வீங்கியிருந்தாலோ நீர் கசிஞ்சாலோ போன் போடுங்க. நாய்க்கு காத்தடிக்கிற காலர் வாங்கிப் பாத்தேன், வேஸ்ட், மூக்கு நீளம்கறதால வளைஞ்சு நக்கிடுது, திரும்ப பிளாஸ்டிக்தான். கழுத்துல ரெண்டு விரல் நுழையற மாதிரி கட்டணும், மூக்கைத் தாண்டி கொஞ்சம் நீட்டிட்டு இருக்கணும். 10 லேருந்து 14 நாள் வரைக்கும் குளியல், குதியாட்டம் எதுவும் கிடையாது.

கிளினிக் மேல ஒரு கம்ப்ளைண்ட். குடுத்த சீட்டுல சாப்பாடு பத்தி ஒரு வரி இல்ல. இந்த ஆபரேஷனுக்கப்புறம் பசி ஏறும், செலவாகுற சக்தி கொறையும், பழைய அளவே போட்டா உருண்டையாயிடும். அளந்து கொஞ்சம் கொறைச்சு போடுங்க. வலி மாத்திரை பத்தியும் சீட்டுல எச்சரிக்கை இல்ல, நம்ம வீட்டு பாராசிட்டமால் பூனைக்கு விஷம், பாதி மாத்திரைகூட அதைக் கொன்னுடலாம். அவங்க குடுத்த மருந்தைத் தவிர எதையும் தராதீங்க. போட்டது தானா கரையுற தையலா, பிரிக்க வரணுமான்னும் கெளம்பறதுக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க, எங்களுக்கு அதையும் போன் பண்ணிதான் தெரிஞ்சிக்க வேண்டியதாச்சு.