"காப்பி முடிஞ்சுது" என்று சொன்னாலும் பழைய டிஸ்க்கை அழிக்க விடாதீர்கள்

பதினொரு வருடமாகச் சேர்த்த பேட்டி ஒலிப்பதிவுகளில் 43 ஜிபி போய்விட்டது. இனி வராது. டேட்டா மாற்றித் தருகிற ஒருவரிடம் கொடுத்துத்தான் போனது. பெயர் வேண்டாம், நடந்ததைச் சொல்கிறேன். தமிழில் ஃபைல் பெயர் வைக்கிற எல்லோருக்கும் இது நடக்கலாம்.

என் பழைய கம்ப்யூட்டர் விண்டோஸ், டிஸ்க் என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் ஃபைல்களை டிஸ்க்கில் அடுக்கிவைக்கும் முறை). புதிதாக வாங்கிய சேமிப்புப் பெட்டி லினக்ஸில் ஓடுவது, உள்ளே எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் அடுக்கு முறை. அவர் தன்னுடைய மேக்கில் என் டிஸ்க்கைச் சொருகி, எல்லாவற்றையும் முதலில் தன் டிஸ்க் ஒன்றில் இறக்கி, அங்கிருந்து ஆர்சிங்க் என்ற காப்பி எடுக்கும் மென்பொருள் மூலம் பெட்டிக்கு அனுப்பியிருக்கிறார். இந்த விவரமெல்லாம் பிறகு தெரிந்தது. அன்று அவர் சொன்னது, "எல்லாம் வந்துடுச்சு சார், சரிபார்த்துட்டேன். பழைய டிஸ்க்கை ஃபார்மட் பண்ணிக் கொடுத்துடறேன்."

நானும் பார்த்தேன். விண்டோஸில் 612 ஜிபி என்று காட்டியிருந்தது. பெட்டி 614 என்று காட்டியது. குறையவில்லையே என்று சரி சொல்லிவிட்டேன். விண்டோஸ் ஜிபி என்று எழுதினாலும் 1024-இன் பெருக்கத்தில் எண்ணுகிறது. என் பெட்டி 1000-இன் பெருக்கத்தில் எண்ணுகிறது. 1 டிபி டிஸ்க் விண்டோஸில் 931 என்று தெரிவது இதனால்தான். அப்படியானால் என் 612 இங்கே 657 ஆகியிருக்க வேண்டும். 614 என்பது பொருந்திய எண் அல்ல, 43 குறைந்த எண். அந்தப் பெருக்கலை நான் அன்று போடவில்லை. அவர் போட்டிருக்க வேண்டும், அது அவர் தொழில்.

இரண்டு வாரம் கழித்து ஒரு பேட்டியைத் தேடினேன். இல்லை. அது இருந்த ஃபோல்டரே இல்லை. ஆங்கிலப் பெயர் வைத்தவை ஒன்றுவிடாமல் இருந்தன. காணாமல் போனவை எல்லாமே தமிழில் நீளமாகப் பெயர் வைத்தவை.

காரணம் இதுதான். என்டிஎஃப்எஸ்ஸில் ஒரு பெயருக்கு 255 குறிகள் இடம் உண்டு. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் ஒன்றாகத்தான் கணக்கு. எக்ஸ்ட்4-இல் எல்லை 255 பைட். அங்கே பெயரை எழுதிவைக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். புள்ளியும் கொக்கியும் காலும் தனித்தனிக் குறிகள். 'தமிழ்' என்ற சொல்லே ஐந்து குறி, 15 பைட். ஆக மொத்தம் 85 குறிதான் பிடிக்கும், கண்ணுக்குத் தெரிகிற எழுத்தாகச் சொன்னால் ஏறக்குறைய ஐம்பது. யாருடைய பேட்டி, எதைப் பற்றி, எந்தச் சந்தர்ப்பத்தில் என்று ஒரு வாக்கியமாகவே பெயர் வைப்பது என் வழக்கம். ஃபோல்டரின் பெயர் எல்லை தாண்டினால் உள்ளே இருக்கும் அத்தனையும் சேர்ந்து விடுபடும். எனக்கு அப்படி ஆறு ஃபோல்டர்.

ஆர்சிங்க் இதை மறைக்கவில்லை. ஓடும்போது நடந்ததை அது எழுதிவைக்கும் பதிவு ஃபைலைக் (லாக்) கேட்டு வாங்கிப் படித்தேன். பெயர் மிக நீளம் என்ற பிழை வரி வரியாக இருந்தது, கடைசியில் பிழை எண் 23. சில ஃபைல்கள் மாற்றப்படவில்லை என்பதுதான் அதன் பொருள். அந்தக் கடைசி வரியைப் படித்திருந்தால் போதும். "சாஃப்ட்வேர் விட்டதுக்கு நான் என்ன சார் பண்றது" என்றார். கொடுத்த பணத்தையும் திருப்பித் தரவில்லை.

இடையில் இறக்கிவைத்த அவருடைய டிஸ்க் அடுத்த வேலைக்காகக் காலியாகிவிட்டது. என் டிஸ்க்கில் அவர் செய்தது முழு ஃபார்மட். விஸ்டா என்ற பதிப்பிலிருந்து விண்டோஸின் முழு ஃபார்மட் டிஸ்க் முழுவதும் பூஜ்யத்தை எழுதிவிடுகிறது. மீட்பு மென்பொருள் எதையும் ஓட்டிப் பயனில்லை.

தேதிகளும் போயின. நேரத்தைக் காக்கும் தெரிவைக் கொடுக்காமல் ஓட்டியதால், மிஞ்சிய ஒலிப்பதிவுகள் எல்லாவற்றிலும் மாற்றிய நாளின் தேதியே இருக்கிறது. ஆர்சிங்க்கில் ஆர்க்கைவ் தெரிவை ஒரே ஒரு எழுத்தாகச் சேர்த்திருந்தால் திருத்திய தேதி அப்படியே வந்திருக்கும். இது எனக்கு ஃபைல் போனதற்கு அடுத்த பெரிய வலி.

என்னிடம் இருந்த பழைய பட்டியலோடு ஒப்பிட்டபோது இன்னொரு குழப்பம். கண் முன்னால் இருக்கிற ஃபைல்களையும் 'இல்லை' என்று காட்டியது. எல்லாம் கொ, கோ, கௌ போன்ற எழுத்து உள்ள பெயர்கள். கம்ப்யூட்டர்கள் எழுத்துக்களைக் குறிக்கும் யூனிகோடில் 'கொ'வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். அவருடைய டிஸ்க் எச்எஃப்எஸ் பிளஸ், மேக்கின் பழைய அடுக்கு முறை. அது எப்போதும் இரண்டாகப் பிரித்தே வைக்கும். திரையில் ஒன்றுபோலத் தெரியும், பைட் வேறு. பிரிக்கும்போது அப்படிப்பட்ட எழுத்து ஒவ்வொன்றுக்கும் 3 பைட் கூடுகிறது என்பதால், எல்லைக்கு உள்ளே இருந்த சில பெயர்களும் வெளியே தள்ளப்பட்டிருக்கின்றன.

அதனால் பெயரையும் அளவையும் வைத்துச் சரிபார்க்காதீர்கள். டிஸ்க்கைக் கொடுப்பதற்கு முன்பே எல்லா ஃபைலுக்கும் எஸ்எச்ஏ-256 (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) கணக்கிட்டு ஒரு பட்டியல் எடுத்து வையுங்கள், விண்டோஸில் கட்டளை எழுதி ஓட்டும் பவர்ஷெல்லிலேயே முடியும். மாற்றிய பிறகு புதிய இடத்தில் அதே கணக்கைப் போட்டு, எண்ணோடு எண்ணை ஒப்பிடுங்கள். பெயர் எப்படி உருமாறினாலும் உள்ளடக்கம் வந்ததா இல்லையா என்று அது சொல்லிவிடும். அது முடிந்து நீங்களே சொல்லும்வரை பழைய டிஸ்க் உங்கள் கையில் இருக்கட்டும். பதிவு ஃபைலைத் தர மறுப்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். எடுத்துப் போவது எஃப்ஏடி32 என்ற பழைய முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவ் என்றால் 4 ஜிபியைத் தொடும் எந்த ஃபைலும் அதில் ஏறாது, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மிஞ்சிய பேட்டிகளை இப்போது ஒவ்வொன்றாகக் கேட்டு, பேச்சின் நடுவே வரும் சேதிகளை வைத்துத் தேதி குறித்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை நாற்பது முடிந்திருக்கிறது.