என்யுஎஸ் ஹை பள்ளியில் ஆறு ஆண்டுகள்: ஒரு அம்மாவின் அனுபவம்

என் மகள் 2020 ஜனவரியில் என்யுஎஸ் கணித, அறிவியல் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தாள். 2025 இறுதியில் டிப்ளோமாவோடு வெளியே வந்தாள். விண்ணப்பம் தொடங்கும் மே மாதம் நெருங்கினாலே, தொடக்கநிலை 6-இல் பிள்ளை வைத்திருக்கும் தோழிகளிடமிருந்து போன் வரத் தொடங்கிவிடும். "எங்க பிள்ளைக்கு மேத்ஸ் நல்லா வருது, அங்கே போடலாமாக்கா?" தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

முதலிலேயே என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். கணக்கில் நல்ல மார்க் வாங்குவது மட்டும் இந்தப் பள்ளிக்குப் போதாது. விடை வராத கணக்கை மூடி வைக்க மனம் வராத பிள்ளை என்றால், தயங்காமல் விண்ணப்பம் போடுங்கள். மார்க் வருகிறது, ஆனால் பாடம் முடிந்ததும் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு விஷயத்துக்கு ஓடுகிற பிள்ளை என்றால், அந்த வேறு விஷயத்துக்கு இடம் தரும் பள்ளியைத் தேடுங்கள். அந்தப் பிள்ளைக்கு ஆறு ஆண்டு என்பது ரொம்ப நீளம்.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. சிங்கப்பூரில் சிறப்புச் சுயேச்சைப் பள்ளிகள் என்று நான்கு உண்டு. விளையாட்டுப் பள்ளி 2004-இலும், என்யுஎஸ் ஹை 2005-இலும், கலைப் பள்ளி 2008-இலும், அறிவியல் தொழில்நுட்பப் பள்ளி 2010-இலும் தொடங்கின. என்யுஎஸ் ஹை கிளமெண்டி அவென்யூ 1-இல் இருக்கிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சுமக்கும் பள்ளி இது. உயர்நிலை முடிவில் எழுதும் ஓ லெவலும் இங்கே இல்லை, தொடக்கக் கல்லூரி முடிவில் எழுதும் ஏ லெவலும் இல்லை. உயர்நிலை 1 வயதில் உள்ளே போகும் பிள்ளை, தொடக்கக் கல்லூரி வயது முடியும்வரை ஒரே பள்ளியில் படித்து, பள்ளியின் சொந்த டிப்ளோமாவை வாங்குகிறது. உள்ளூர்ப் பல்கலைக்கழகங்கள் இந்த டிப்ளோமாவைத் தனித் தகுதியாகவே ஏற்று விண்ணப்பம் வாங்குகின்றன. "ஏ லெவல் இல்லாம யுனிவர்சிட்டில எடுப்பாங்களா?" என்று என் மாமியார் ஆறு ஆண்டும் கவலைப்பட்டார். அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம்.

கவலைப்பட வேண்டிய இடம் வேறு. உயர்நிலை 1-இல் இந்தப் பள்ளிக்குள் போக நேரடிப் பள்ளிச் சேர்க்கை, அதாவது டிஎஸ்ஏ, ஒன்றுதான் வழி. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ-யின் மதிப்பெண் வந்த பிறகு நிரப்பும் உயர்நிலை 1 பட்டியலில் இந்தப் பள்ளி இருக்காது. அதனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை, பெரிய தேர்வு எழுதுவதற்கு மாதக்கணக்கில் முன்னாலேயே, "நான் கணக்கு, அறிவியல் பக்கம்தான் போகிறேன்" என்று சொல்லியாக வேண்டும். கல்வி அமைச்சின் பொதுத் தளத்தில் கட்டணமின்றி விண்ணப்பிக்கலாம், மூன்று தெரிவுகள் வரை கொடுக்கலாம். நாங்கள் விண்ணப்பித்த 2019-இல்தான் அந்தத் தளம் வந்தது. டிஎஸ்ஏ வழியில் ஓர் இடம் உறுதியானால் வழக்கமான சேர்க்கையில் கலந்துகொள்ள முடியாது. பிஎஸ்எல்இ-யில் எதிர்பாராத அளவு நல்ல மதிப்பெண் வந்து, "அய்யோ, ராஃபிள்ஸ் பள்ளியே கிடைத்திருக்குமே" என்று பிறகு நினைத்தாலும் நினைத்ததுதான். கணவரும் நானும் ஆகஸ்ட் மாதம் முழுக்க இதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். அவளிடமும் மறைக்காமல் பேசினோம்.

மகளைக் கணிதம், அறிவியல் இரண்டிலும் தேர்வு எழுத வைத்தார்கள். அதைத் தாண்டியதும் ஒரு தேர்வு முகாம். முகாமிலிருந்து வந்தவள் எத்தனை சரி, எத்தனை தப்பு என்று பேசவே இல்லை. கூட இருந்த பையன் ஒருவன் அவளைவிடச் சுருக்கமான வழியில் ஒரு கணக்கைப் போட்டிருக்கிறான். பஸ்ஸில் வரும்போது அதைத் தாளில் எனக்கு வரைந்து காட்டினாள். தன்னைவிடக் கெட்டிக்காரனைப் பார்த்ததில் அவளுக்கு அத்தனை சந்தோஷம். இவளுக்கு இந்த இடம் சரி என்று எனக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது.

டிஎஸ்ஏ பயிற்சி என்று வியாபாரம் செய்யும் துணைப்பாட நிலையங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அப்படி ஒரு நிலையத்துக்கு விசாரிக்கப் போனேன். முகாமில் எப்படிக் கை தூக்க வேண்டும், நேர்முகத்தில் "எனக்கு அறிவியல் ஏன் பிடிக்கும்" என்ற கேள்விக்கு என்ன சொல்ல வேண்டும் என்பதைக்கூட அச்சடித்து வைத்திருந்தார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் ஆர்வத்தை மனப்பாடம் பண்ண வைப்பதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. காசு கட்டாமல் திரும்பி வந்தேன். பயிற்சியால் உள்ளே போய்விட முடிந்தாலும், போன பிறகு ஆறு ஆண்டு அந்தப் பிள்ளை தாக்குப்பிடிக்க வேண்டாமா?

பிள்ளையின் சுபாவத்தைத் தெரிந்துகொள்ள வீட்டிலேயே ஒரு வழி உண்டு. ஒரு வட்டம் வரையச் சொல்லுங்கள். வட்டத்தின் மேல் இரண்டு புள்ளி வைத்து ஒரு கோட்டால் இணைத்தால் உள்ளே இரண்டு பகுதி கிடைக்கும். மூன்று புள்ளி வைத்து எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைத்தால் நான்கு பகுதி. நான்கு புள்ளிக்கு எட்டு. ஐந்துக்குப் பதினாறு. இப்போது ஆறு புள்ளிக்கு எத்தனை என்று கேளுங்கள். எல்லாப் பிள்ளையும் 32 என்றுதான் சொல்லும். வரைந்து எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று கோடுகள் ஒரே இடத்தில் வெட்டிக்கொள்ளாமல் வரைய வேண்டும் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். 31-தான் வரும். இதற்குப் பிறகு பிள்ளை என்ன செய்கிறது என்று கவனியுங்கள். "சரி, 31" என்று எழுந்து போகிற பிள்ளைகள் உண்டு, அதில் ஒரு குறையும் இல்லை. என் மகள் தப்பாக எண்ணிவிட்டோம் என்று திரும்பத் திரும்ப வரைந்தாள். பிறகு ஏழு புள்ளிக்குப் போனாள். 57 வந்தது. இரவு சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "ஏம்மா இரட்டிப்பாகலே? எங்கே உடையுது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். விடையை நானும் சொல்லவில்லை, எனக்குத் தெரியவும் தெரியாது. நேரடிச் சேர்க்கைக்கு என்ன பார்க்க வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் இதைத்தான் சொல்கிறேன்.

முதல் ஆண்டு சிரமமாகவே போனது. பள்ளி பழகுவதற்குள் ஏப்ரலில் கொவிட் அதிரடித் திட்டம் வந்து, பாடமெல்லாம் வீட்டிலிருந்தே என்றாகிவிட்டது. புது நண்பர்கள் திரையில் சின்னக் கட்டங்களாக இருந்தார்கள். அதோடு இன்னொன்று. தொடக்கப்பள்ளியில் வகுப்பில் முதலாவதாக இருந்த பிள்ளைகள் மட்டுமே கூடியிருக்கும் இடம் இது. அங்கே பாதிப் பேர் வரிசையின் கீழ்ப்பாதியில்தான் இருக்க முடியும். பாடங்களை மாட்யூல் மாட்யூலாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தரம் கொடுத்து, 5 புள்ளி அளவில் சராசரி போடுகிறார்கள். பல்கலைக்கழகத்தில் வைத்திருப்பார்களே, அதே முறை. மகளுக்கு முதல் பருவத்தில் ஒரு கணித மாட்யூலில் பி வந்தது. அதுவரை அவள் பார்த்தே இராத எழுத்து. அன்றைக்கு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு நாள் கழித்து, அதே தேர்வில் விட்ட கணக்கை நண்பர்கள் குழுவில் போட்டு விவாதித்துக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்திய பிள்ளை எதற்காகத் திறந்து வெளியே வருகிறது என்பதைப் பெற்றோர் பார்க்க வேண்டும். கணக்குக்காக வந்தால் சரி. மார்க்குக்காக மட்டுமே வந்தால் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும்.

பாடத்தின் வேகம் அதிகம். ஏ லெவலில் வரும் நுண்கணிதத்தை நாலாம் ஆண்டுக்குள் கையாளத் தொடங்கிவிட்டாள். ஆனால் வேகத்தைவிட என்னைக் கவர்ந்தது ஆழம். சூத்திரத்தைக் கொடுத்துவிட்டுப் பத்துக் கணக்கு போடச் சொல்லாமல், அது ஏன் உண்மை என்று நிறுவச் சொன்னார்கள். வீட்டில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை என் கணவருக்கு இரண்டாம் ஆண்டோடு போய்விட்டது. அவர் பொறியாளர்.

இந்தப் பள்ளியின் உயிர் எது என்று கேட்டால் ஆய்வுத் திட்டம் என்பேன். விருப்பப்பட்டவர்கள் மட்டும் என்றில்லை, எல்லாப் பிள்ளைகளும் ஓர் ஆய்வை முடித்தால்தான் டிப்ளோமா. மகள் எடுத்துக்கொண்டது காயும் திரவத் துளிகள். மேசையில் சிந்திய கோப்பி காய்ந்தால் நடுவில் வெளிறி, ஓரத்தில் மட்டும் கருப்பாக வளையம் விழுமே, அதேதான். துளியின் ஓரம் மேசையில் ஒட்டி அசையாமல் நிற்கும். நீர் அங்கேதான் வேகமாக ஆவியாகும். அதை ஈடுகட்ட நடுவிலிருந்து திரவம் ஓரத்துக்கு ஓடும்போது துகள்களையும் இழுத்துக்கொண்டு போகும். இதெல்லாம் ஏற்கெனவே தெரிந்த இயற்பியல். கலவையில் ஒன்றை மாற்றினால் வளையத்தின் அகலம் மாறுமா என்பது அவள் கேள்வி. நுண்ணோக்கியின் கீழே துளி துளியாக வைத்துப் படம் எடுத்தாள். ஒரு வாரம் அழகாக வந்த வித்தியாசம் அடுத்த வாரம் காணாமல் போனது. கடைசியில் பார்த்தால், அவள் அளந்துகொண்டிருந்தது அறையின் ஏர்கானை. ஏர்கான் ஓடும் நாளில் காற்று வறண்டு துளி சீக்கிரம் காய்ந்துவிடும். அணைந்திருக்கும் நாளில் நம் ஊர்ப் புழுக்கத்தில் காயவே காயாது. துளிகளை மூடிய பெட்டிக்குள் வைத்து, ஈரப்பதத்தை அளந்துகொண்டே எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தாள். பல மாத உழைப்பின் முடிவில் அறிக்கையில் எழுதியது: குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை. மேற்பார்த்த ஆசிரியர் அந்த வரியை மாற்றச் சொல்லவில்லை. எத்தனை துளி, எவ்வளவு பிழை, எப்படித் தெரியும் என்று மட்டும் குடைந்து குடைந்து கேட்டார். பதினாறு வயதில் "இல்லை" என்ற முடிவை வெட்கப்படாமல் எழுதப் பழகியதற்காகவே ஆறு ஆண்டுக் கட்டணத்தையும் மறுபடி கட்டுவேன்.

கட்டணம் என்றதும் ஞாபகம் வருகிறது. சுயேச்சைப் பள்ளி என்பதால் அரசாங்கப் பள்ளியைவிட மாதக் கட்டணம் அதிகம். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு உதவித்தொகை உண்டு. அதற்காக யாரும் ஒதுங்க வேண்டாம், பள்ளியிலேயே கேளுங்கள்.

பயணத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாங்கள் செங்காங்கில் இருக்கிறோம். ஊட்ரம் பார்க்கில் ரயில் மாறி, கிளமெண்டியில் இறங்கி, அதன்பின் நடக்க வேண்டும். வாசலுக்கு வாசல் ஒரு மணி நேரத்துக்கு மேல். வளரும் வயதில் அந்தத் தூக்கம் போனது போனதுதான். பள்ளி வளாகத்திலேயே விடுதி உண்டு. ஐந்தாம் ஆண்டில் அங்கே தங்கியபோதுதான் அவள் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. இரவில் தோழிகளோடு ஒரே கணக்கை நாலு வழியில் போட்டுப் பார்த்ததாகச் சொல்வாள். அவள் வகுப்பில் பையன்கள்தான் அதிகம். முதல் ஆண்டில் அது அவளைக் கொஞ்சம் ஒடுக்கியது. பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

விட்டுக்கொடுத்தவையும் இருக்கின்றன. வரலாறும் இலக்கியமும் இங்கே இல்லாமல் இல்லை, ஆனால் கால அட்டவணையில் அவற்றுக்குக் கிடைக்கும் இடம் சின்னது. நடுவில் மனம் மாறினால் கையில் ஓ லெவல் சான்றிதழ் இருக்காது. தொடக்கக் கல்லூரிக்கோ பலதுறைத் தொழிற்கல்லூரிக்கோ மாறுவது மற்றப் பிள்ளைகளைப் போல் நேரான பாதையாக இருக்காது. தமிழைப் பற்றியும் சேர்க்கைக்கு முன்பே கேட்டுவிடுங்கள். எந்தப் பள்ளியாக இருந்தாலும், தமிழ் வகுப்பு பள்ளிக்குள்ளேயே நடக்கிறதா, இல்லை பள்ளி முடிந்து பீட்டி சாலையில் உள்ள உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையத்துக்குப் போக வேண்டுமா என்பது வாராந்தரக் களைப்பை நிர்ணயிக்கும் விஷயம். உயர்தமிழ் எடுக்கும் பிள்ளையென்றால் இன்னும் கவனம் வேண்டும். நம் பிள்ளைகள் முதலில் கைவிடுவது தமிழைத்தான். அதற்கு நாம் வழி பண்ணிக்கொடுத்துவிடக் கூடாது.

கையால் செய்து பார்ப்பதில், மென்பொருளில், வடிவமைப்பில் நாட்டம் உள்ள பிள்ளைக்கு அறிவியல் தொழில்நுட்பப் பள்ளியைப் பாருங்கள். அங்கேயும் டிஎஸ்ஏ வழியாகத்தான் சேர முடியும், ஆனால் படிப்பு நான்கே ஆண்டு. முடிவில் தேசியத் தேர்வு எழுதி எந்தப் பக்கமும் திரும்பலாம். 2027 முதல் ஓ லெவலுக்குப் பதிலாகப் புதிய சிங்கப்பூர்-கேம்பிரிட்ஜ் உயர்நிலைச் சான்றிதழ் வருகிறது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கணக்கோடு வரலாறும் வேண்டும், விவாதமும் வேண்டும் என்கிற பிள்ளைக்கு, ஏ லெவல் அல்லது ஐபி என்ற அனைத்துலக டிப்ளோமாவில் முடியும் ஒருங்கிணைந்த பாடத்திட்டப் பள்ளிகளே பொருந்தும்.

எங்கள் மகன் இப்போது தொடக்கநிலை 5-இல் இருக்கிறான். அந்த வயதில் அக்கா வாங்கியதைவிடக் கணக்கில் அதிக மார்க் வாங்குகிறான். மாமியார், "அக்கா படிச்ச எடத்துலேயே தம்பியையும் சேத்துடுங்க, நமக்கும் பழகின எடம்" என்கிறார். வட்டக் கணக்கை அவனுக்கும் கொடுத்தேன். மளமளவென்று வரைந்து 31 என்று எண்ணிச் சொல்லிவிட்டு, நாடகப் பயிற்சிக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினான். அடுத்த ஆண்டு மூன்று தெரிவுகளில் என்யுஎஸ் ஹை இருக்காது. நாடகம் வலுவாக உள்ள பள்ளிகளின் பொது வரவேற்பு நாள்களுக்குப் போகப் போகிறோம். மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை.