பட், ஆல்தோ, டிஸ்பைட், வேர்ஆஸ்: காப்பீட்டுக் கடிதத்துக்கு எந்தச் சொல்?

கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாள் கூட்டத்துக்குத் தமிழில் மனு எழுதினால் போதும். பயிர்க் காப்பீட்டு நிறுவனத்துக்கோ வங்கியின் தலைமை அலுவலகத்துக்கோ எழுதும்போதுதான் டெல்டா விவசாயிக்கு ஆங்கிலம் தேவைப்படுகிறது. மன்னார்குடியிலோ திருத்துறைப்பூண்டியிலோ கல்லூரியில் படிக்கும் மகளிடம், "நீயே எழுதிக் கொடும்மா" என்று அப்பா தாளை நீட்டுகிறார். அந்தக் கடிதங்களில் எப்போதும் முரண்பட்ட இரண்டு செய்திகள் இருக்கும். பிரீமியம் கட்டினேன், இழப்பீடு வரவில்லை. அணை திறந்தார்கள், கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை. இந்த இரண்டையும் எந்தச் சொல்லால் இணைக்கிறோம் என்பது இலக்கண மதிப்பெண்ணோடு முடிகிற விஷயமல்ல. படிக்கும் அதிகாரியின் மனத்தில் எந்தப் பாதி நிற்க வேண்டும் என்பதை அந்தச் சொல்தான் தீர்மானிக்கிறது.

முதலில் பட் ('ஆனால்'), ஆல்தோ ('இருந்தாலும்') இரண்டையும் எடுத்துக்கொள்வோம். எளிதாகப் புரிவதற்காக வாக்கியத்தைத் தமிழிலேயே தந்து, இணைப்புச் சொல்லை மட்டும் ஆங்கிலமாக விடுகிறேன். எடுத்துக்காட்டுக்கு ஒரு நிகழ்வு: 2018ஆம் ஆண்டு ஜூலை 19 அன்று மேட்டூர் அணை திறக்கப்பட்டது. ஆகஸ்ட் 22 அன்று, காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பு மேலணையில் கொள்ளிடத்து மதகுகள் உடைந்தன. வெள்ளம் கொள்ளிடம் வழியே கடலுக்குப் போய்க்கொண்டிருந்தபோதே கடைமடை வயல்கள் தண்ணீருக்காகக் காத்திருந்தன.

"மேட்டூர் நிரம்பியது, பட் எங்கள் வாய்க்கால் காய்ந்தது" என்று எழுதினால் இரண்டும் முழு வாக்கியங்களாக நேருக்கு நேர் மோதுகின்றன. எதுவும் எதற்கும் கீழ்ப்பட்டதில்லை. "ஆல்தோ மேட்டூர் நிரம்பியது, எங்கள் வாய்க்கால் காய்ந்தது" என்றால் மேட்டூர் பின்னணிக்குப் போய்விடுகிறது. வாய்க்கால்தான் செய்தி. இதே இரண்டு உண்மைகளை வைத்துக்கொண்டு பதில் எழுதும் அதிகாரி என்ன செய்வார்? "ஆல்தோ சில கடைமடைப் பகுதிகளில் பற்றாக்குறை இருந்தது, அணையிலிருந்து போதிய நீர் திறந்துவிடப்பட்டது" என்பார். அவர் பொய் எதுவும் எழுதவில்லை. நம் குறையை ஆல்தோவுக்குள் மடித்து வைத்துவிட்டார், அவ்வளவுதான். பதில் கடிதம் கைக்கு வந்ததும் ஆல்தோவுக்குள் எது கிடக்கிறது என்று பாருங்கள். அவர்கள் ஒப்புக்கொண்டும் பேச விரும்பாதது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

ஆல்தோவில் நம் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஆல்தோ என்று தொடங்கிவிட்டு நடுவில் பட் என்றும் எழுதிவிடுகிறார்கள். இது அறியாமை அல்ல, நம் மொழியின் பழக்கம் என்பது என் எண்ணம். 'நிரம்பினாலும்' என்பதில் எதிர்மறுப்பைக் காட்டும் 'ஆலும்', இரண்டு பகுதிகளும் சேரும் மூட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலத்திலோ அந்த வேலையைச் செய்யும் சொல் வாக்கியத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. எழுதிக்கொண்டே மூட்டுக்கு வரும்போது அங்கே ஒன்றும் இல்லாதது போலத் தோன்ற, கை தானாக ஒரு பட் போட்டுவிடுகிறது. அந்த 'பட்' என்ற சொல்லை அடித்துவிட்டு அங்கே ஒரு காற்புள்ளி இட்டால் சரியாகிவிடும்.

டிஸ்பைட்டும் இன் ஸ்பைட் ஆஃபும் பொருளில் ஒன்றுதான்: 'இன்னது இருந்தும்'. டிஸ்பைட்டுக்குப் பின் ஆஃப் வராது என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். இவற்றின் உண்மையான சிக்கல் வேறு. இவற்றுக்குப் பின் பெயர்ச்சொல்லோ பெயர்போல நிற்கும் வடிவமோதான் வரும். 'நவம்பர் 10ஆம் தேதி நான் பிரீமியம் கட்டினேன்' என்ற செயல், 'பிரீமியம் செலுத்தப்பட்டமை' என்று சுருங்கிவிடும். யார் கட்டினார், என்றைக்குக் கட்டினார் என்பதெல்லாம் அந்தச் சுருக்கத்தில் கரைந்துபோகும். உரிமை கோரும் கடிதத்தில் 'நான்' என்பதும் தேதியும் முக்கியம். அங்கே என் வாக்கு ஆல்தோவுக்கே. ஏற்கெனவே பெயராக இருக்கும் ஒன்றைச் சொல்லும்போது டிஸ்பைட் பொருத்தமாக இருக்கும். 'இன்ன தேதிகளில் நான் அனுப்பிய இரண்டு கடிதங்கள்' என்பதை டிஸ்பைட்டுக்குப் பின் வைத்துப் பாருங்கள், வாக்கியம் கச்சிதமாக அமையும்.

வேர்ஆஸ் இந்தக் குடும்பத்தில் தனி ரகம். 'அப்படியிருந்தும்' என்ற மனத்தாங்கல் அதில் இல்லை. இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து காட்டும், அவ்வளவே. ஆடுதுறை 43 நெல் ரகம் ஏறக்குறைய 110 நாளில் அறுவடைக்கு வரும், வேர்ஆஸ் சி.ஆர். 1009 ரகம் 150 நாளைத் தாண்டும். காவிரி நடுவர் மன்றம் 2007இல் தமிழ்நாட்டுக்கு, எல்லையில் நீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் 192 டி.எம்.சி. என்றது, வேர்ஆஸ் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று அதை 177.25 ஆகக் குறைத்தது. எண்கள் தாமாகவே பேசும் இடத்துக்கு இதைவிட நல்ல சொல் கிடையாது. பக்கத்து வருவாய் கிராமத்துக்கு இழப்பீடு வந்து நம் கிராமத்துக்கு வரவில்லை என்று எழுதும் போதும் வேர்ஆஸ்தான் சரி.

சிலர் அந்த இடத்தில் வைல் போடுகிறார்கள். நான் தவிர்ப்பேன். வைலுக்குக் 'அதே சமயத்தில்' என்ற காலப் பொருளும் உண்டு என்பதால், ஒப்பிடுகிறோமா நேரம் சொல்கிறோமா என்று படிப்பவர் குழம்ப இடமிருக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆங்கிலக் கிரயப் பத்திரங்களில் பத்திக்குப் பத்தி பெரிய எழுத்தில் தொடங்கும் வேர்ஆஸ் எதையும் ஒப்பிடுவதில்லை. அங்கே அதற்கு 'இவ்வாறு இருப்பதால்' என்று பொருள். சொத்து யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற வரலாறு அதன் பின்னால்தான் வரும். வேகமாகப் படித்துத் தாண்டிவிடாதீர்கள்.

ஹவெவர் ('எனினும்') மீது நம் மாணவர்களுக்கு அளவு கடந்த மரியாதை. பட் சின்னச் சொல், ஹவெவர் படித்தவர் சொல் என்று பள்ளியிலிருந்தே பதிந்துவிட்டது. பட் கொண்டு வாக்கியம் தொடங்கக் கூடாது என்பதும் அங்கே கேட்டதுதான். 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்திலேயே அப்படித் தொடங்கும் வாக்கியங்கள் ஏராளம். ஹவெவர் இரண்டு வாக்கியங்களை ஒட்டாது. முன்னால் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும், பின்னால் காற்புள்ளி வேண்டும். வெறும் காற்புள்ளிக்குப் பின் அதைச் செருகுவது பிழை. பக்கத்துக்கு ஒன்று போதும். நெவர்தலெஸ்ஸும் இதே கணக்குதான், இன்னும் கொஞ்சம் கனம் கூடியது.

ஆன் தி அதர் ஹேண்ட், ஆன் தி காண்ட்ரரி இரண்டையும் மாற்றிப் போட்டால் கடிதத்தின் பொருளே மாறிவிடும். முன்னது இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது, சொன்னதை மறுக்கவில்லை. பின்னது சொன்னதையே மறுக்கிறது. ஆய்வுக்கு வந்தவர்கள் 'சேதம் இல்லை' என்று அறிக்கை எழுதியிருந்தால் ஆன் தி காண்ட்ரரி என்று தொடங்கி, மூழ்கிய வயலின் சர்வே எண்ணையும் புகைப்படம் எடுத்த தேதியையும் எழுதுங்கள். ஆன் தி அதர் ஹேண்ட் போட்டால், சேதம் இல்லை என்பதை நீங்களும் ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும்.

கடைசியாக, நீங்கள் எழுத வேண்டாத, ஆனால் கட்டாயம் படிக்க வேண்டிய ஒரு சொல்: நாட்வித்ஸ்டாண்டிங். கடன் ஒப்பந்தத்திலும் சட்டப் பிரிவுகளிலும் அது வந்தால், 'மற்ற இடங்களில் என்ன சொல்லியிருந்தாலும் இதுவே செல்லும்' என்று அர்த்தம். கையெழுத்துப் போடும் முன் அந்தச் சொல் இருக்கும் பத்திகளை மட்டுமாவது மகளிடம் கொடுத்து, வரி வரியாகத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.