8,500 ரூபாய்க்கு வந்த வக்கீல் நோட்டீஸ்: நுகர்வோர் உதவி என்ற பெயரில் ஓர் ஏமாற்று

இன்று காலை அந்த நுகர்வோர் உதவிச் சேவைக்காரர்கள் என் எண்ணைத் தடை செய்துவிட்டார்கள். அந்த ஆத்திரம் ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன்.

காரைக்குடிக் கடையொன்றில் என் மனைவி பெயரில் வாங்கிய ஃபிரிட்ஜ் மூன்றாம் மாதமே குளிர்விப்பதை நிறுத்திவிட, கடைக்காரர் கம்பெனியையும் கம்பெனி கடைக்காரரையும் கைகாட்டி எங்களை அலைக்கழித்தனர். அலுத்துப்போய், நுகர்வோர் வழக்குகளை நடத்தித் தருவதாக விளம்பரம் செய்யும் ஓர் இணையச் சேவையை அழைத்தேன். பேசியவர் வாய் நிறைய ‘ஐயா’ போட்டார். நான் கோட்டையூர் என்றதும், தாம் தேவகோட்டைப் பக்கம் என்று சொல்லி, “நீங்க எந்தக் கோயில்?” என்று, நகரத்தார் தங்களுக்குள் குலக்கோயிலை விசாரிக்கும் விதத்தில் கேட்டார். நான் இலுப்பைக்குடி என்றேன். அவர் மாத்தூர் என்றார். முகம் தெரியாத ஒருவருக்கு 8,500 ரூபாய் அனுப்ப எனக்கு அது போதுமானதாக இருந்தது. திரையில் நிறுவனத்தின் பெயருக்குப் பதில் யாரோ ஒரு தனிநபரின் பெயர் வந்ததைப் பார்த்தேன். பார்த்தும் ரகசிய எண்ணை அழுத்தினேன்.

ஏழு நாளில் வரவேண்டிய நோட்டீஸ் இருபத்தாறாம் நாள் வாட்ஸ்அப்பில் வந்தது. முதல் பத்தியில் ஃபிரிட்ஜ் என்றிருந்தது இரண்டாம் பத்தியில் வாஷிங் மெஷின் ஆகியிருந்தது. வழக்கறிஞரின் கையெழுத்தும் இல்லை, பதிவு எண்ணும் இல்லை. தபாலில் அனுப்பிய ரசீதைக் கேட்டால் ஒருநாள் “சீனியர் கோர்ட்டில் இருக்கிறார்”, மறுநாள் “சர்வர் வேலை செய்யவில்லை”. கடையிலேயே போய் விசாரித்தேன். அப்படி எதுவும் வரவில்லை என்று கல்லாவில் இருந்தவர் சிரித்தார்.

இதற்குமேல் நீதிமன்றக் கட்டணம் என்று இன்னும் 2,000 கேட்டார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்து, விசாரிக்கத் தொடங்கினேன். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே இல்லை. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, வக்கீல் இல்லாமல் நாமே, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். பெண்களுக்கோ வருமானம் பார்க்காமல் சட்டப் பணிகள் குழுவே இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும். ரசீது மனைவி பெயரில் இருக்க, நான் 8,500 ரூபாயைக் கொட்டிக் கொடுத்திருக்கிறேன்! வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்து கட்சிக்காரர்களைப் பிடிப்பதைப் பார் கவுன்சில் விதி தடுக்கிறதாம். அந்த விளம்பரமே என்னை எச்சரித்திருக்க வேண்டும்.

யோசனைகளை விரிவாகச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, இலவசச் சட்ட உதவிக்கு 15100. மனுவுக்கு 2 ஆண்டுதான் கெடு. கடை ரசீதை இன்றே நகல் எடுத்து வையுங்கள். எங்களுடையதில் தேதியைத் தவிர மற்றதெல்லாம் மங்கிவிட்டது.

அந்த 8,500 ரூபாய்க்காக மதியம் இணையப் பண மோசடிக்கான உதவி எண் 1930இல் புகார் பதிந்தேன். ஃபிரிட்ஜுக்காகத் திங்கட்கிழமை மனைவியோடு சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன்.