பழைய ரோட்ஸ்டரின் உட்புறம்: வன்னி வெயிலுக்கும் மாரிக்கும் எது தாக்குப்பிடிக்கும்?

இலங்கையில் தனியார் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டதால், கையிலிருக்கும் பழைய காரைக் கழற்றிப் பூட்டி ஓடவைப்பது நம்மவர்களுக்கு வேறு வழியற்ற கலையாகிவிட்டது. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மொறிஸ் மைனர் காரை மண்ணெண்ணெயில் ஓட்டிய மண்ணுக்கு அது புதிதுமல்ல. நான் வவுனியாவில் வைத்திருப்பது மஸ்டாவின் முதலாம் தலைமுறை எம்.எக்ஸ்-5. 1989 முதல் 1997 வரை உற்பத்தியான, துணிக்கூரையைத் திறந்து மூடக்கூடிய இந்த இரு இருக்கைக் கார் யப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்கப்பட்டது. இதன் உட்புறத்தை வீட்டு முற்றத்திலேயே திருத்த எண்ணுவோருக்கு ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு மூன்று வழிகள் உண்டு. கண்ணுக்குத் தெரியும் தோலிலும் துணியிலும் பணத்தைக் கொட்டுவதற்கு முன்னர், கண்ணுக்குத் தெரியாத அடுக்குகளில் அதைச் செலவிட வேண்டும் என்பதே என் நிலைப்பாடு.

ஆகவே தரையிலிருந்து தொடங்குகிறேன். துணிக்கூரையில் விழும் மழைநீர், இருக்கைகளுக்குப் பின்னால் இரு பக்கமும் உள்ள வடிதுளைகளில் இறங்கி, குழாய் வழியே காரின் அடியால் வெளியேற வேண்டும். வேப்பமரத்தின் கீழ் நிறுத்தும் காரில் சருகும் செம்மண்ணும் சேர்ந்து அந்தத் துளைகளை அடைத்துவிட, ஐப்பசி மழை உள்ளே வழிந்து காபெற்றுக்கு அடியிலுள்ள தடித்த கம்பளிப் பஞ்சில் தங்குகிறது. மேலே கைவைத்துப் பார்த்தால் காய்ந்திருக்கும், கீழே தகரம் உக்கிக்கொண்டிருக்கும். இரும்புக் கம்பியால் குத்தினால் குழாய் கிழியக்கூடும் என்பதால், புல்வெட்டும் இயந்திரத்தின் தடித்த நைலோன் இழையைச் செலுத்தியே அடைப்பை எடுக்க வேண்டும். இந்த வேலை முடியாமல் புதிய காபெற் வாங்குவது வீண்.

காபெற்றைப் பொறுத்தவரை, கடையில் மீற்றர் கணக்கில் விற்கும் தட்டையான விரிப்பு மலிவானது. ஆனால் நடுவில் மேடாக எழும் கியர்பெட்டிப் பகுதியில் அது படிந்து உட்காராது, மூன்று துண்டாக வெட்டித் தைத்தாலும் ஓரங்கள் கிளம்பும். முழுவதும் றப்பர் விரிப்பாக மாற்றினால் கழுவுவது எளிது, ஆயினும் கியர்பெட்டியின் சூடும் சத்தமும் நேரே காலுக்கு வரும். சூட்டில் வார்த்தெடுக்கப்பட்ட பழைய காபெற்றையே கழுவிப் படங்கில் விரித்து இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு, அடிப்பஞ்சை மட்டும் எறிந்துவிட்டு, நீரை உறிஞ்சாத நுண்ணறைப் போமை அவ்விடத்தில் வைப்பதே மூன்றிலும் சிறந்தது. அதற்கும் கீழே, தகரத்தின் அதிர்வை அடக்க ஒட்டும் தகட்டில் பலர் சறுக்குகிறார்கள். கூரை ஒழுக்கு அடைக்க ஹாட்வெயாரில் விற்கும் தார்த் தகடு விலை குறைவென்று அதை ஒட்டுவார்கள். சோளகக் காலத்து மதிய வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் அது இளகி, நாள் முழுவதும் தார்வீதி போடும் இடத்து வாசம் வீசும். பியூட்டைல் என்ற செயற்கை றப்பர் தகடு விலை கூடியது, ஆனால் இளகி ஓடாது. பணம் போதாவிட்டால் தார்த் தகட்டால் தரை முழுவதையும் மூடுவதைவிட, தட்டினால் அதிகம் ஒலிக்கும் இடங்களில் மட்டும் பியூட்டைலை ஒட்டுவது மேல்.

இருக்கைகளில் தெரிவு கடினமானது. 1990இல் வந்த வி-ஸ்பெஷல் வகையில் பச்சை உடலுக்குப் பொருத்தமாக மண்ணிறத் தோல் இருக்கைகள் இருந்தன. அந்த அழகில் மயங்கி, வெளிநாட்டிலிருந்து தோலுறைத் தொகுதியை வரவழைக்கும் ஆசை எனக்கும் இருந்தது. தோலுக்கு முறையாக எண்ணெய்ப்பசை ஊட்டாவிட்டால் நம் வெயிலில் அது வெடிக்கும்; ஊட்டினாலும், கூரை திறந்து நின்ற காரில் மதியம் போய் உட்கார்வதற்குத் தைரியம் வேண்டும். றெக்சினோ தூசியைத் துடைக்க வசதியானது, முதுகில் வியர்வையைப் பிடித்து வைப்பது. துணி காற்றோட்டமானது, ஏ9 வீதியிலிருந்து கிரவல் பாதைக்கு இறங்கியதுமே செந்நிறமாகிவிடுவது. உடல் படும் நடுப்பகுதிக்குத் துணியும், ஏறி இறங்கும்போது உராயும் பக்கங்களுக்கு றெக்சினும் வைத்துத் தைப்பதையே நான் பரிந்துரைக்கிறேன்.

இதைக் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ முச்சக்கரவண்டிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் சீற் தைப்பவர் செய்து தருவார். ஒரே நிபந்தனை: முச்சக்கரவண்டிக்குப் பயன்படும் தடித்த றெக்சின் இழுபடாது, வளைவுகளில் சுருங்கி நிற்கும், ஆகவே துணி முதுகுடைய மெல்லிய வகையை நீங்களே தெரிந்து வாங்கிக் கொடுக்க வேண்டும். நான்கு 14 மில்லிமீற்றர் போல்ட்டுகளைக் கழற்றினால் இருக்கை வெளியே வந்துவிடும். பழைய உறையைக் கிழித்தெறியாமல் தையல் பிரித்து அச்சாக வைத்துக்கொள்வதும், இரண்டையும் ஒரே நேரத்தில் பிரிக்காமல் ஒன்றைப் பார்த்துத் தைப்பதற்காக விடுவதும் அவசியம். கதவுப் பக்கத்தில் நசிந்துபோன பஞ்சுக்கு மெத்தைப் போமை வைத்தால் சில மாதங்களில் தட்டையாகும். துணுக்குகளை அழுத்திச் செய்த கடினமான போமே நிற்கும். கொழும்பு பஞ்சிகாவத்தையின் பழைய உதிரிப்பாகக் கடைகளில் வேறு கார்களின் இருக்கைகள் கிடைக்கும், ஆனால் உயரமான தளத்தில் அவை பொருந்துவதால் கூரையை மூடினால் தலை இடிக்கும்.

கதவின் உட்பலகை அமுக்கிய நார்ப்பலகையால் ஆனது. பின்னாலுள்ள நீர்காப்புத் தாள் கிழிந்ததும் அது ஊறி வளையும். மூன்று மில்லிமீற்றர் பிளைவூட்டில் புதிதாக வெட்டலாம். பிளாஸ்ரிக் தகட்டிலும் வெட்டலாம், அது ஊறவே ஊறாது, எனினும் வினைல் உறை அதில் நன்றாகப் பிடிக்காது. செருப்புக்குப் பூசும் மஞ்சள் பசையால் நான் ஒட்டியது பங்குனி வெயிலில் தொங்கிப்போனது; அதன் பிறகு பிளைவூட்டின் பின்புறம் மடித்து ஸ்டேப்பிள் அடித்தேன், இன்றுவரை அசையவில்லை. எந்தப் பலகையாயினும் தடித்த பொலித்தீனைப் பியூட்டைல் நாடாவால் ஒட்டிய பின்னரே பூட்டுங்கள்.

டாஷ்போட் வெடிப்புக்கு நிரப்பி பூசித் தேய்த்து வர்ணமடிப்பதை நான் விரும்புவதில்லை. வெயிலில் டாஷ்போட் விரியும்போது இறுகிய நிரப்பியின் ஓரத்தில் புதிய வெடிப்பு தோன்றும். தையற்காரரிடம் அளவெடுத்துத் தைத்த துணிவிரிப்புப் போதும்.

மர ஸ்ரியறிங் பூட்ட விரும்புவோர், காற்றுப்பை உள்ள காரென்றால் அந்த வேலையை அனுபவமுள்ள கராஜுக்கே விட வேண்டும். காற்றுப்பை இல்லாத காரிலும் பற்றறியைக் கழற்றிய பின்னரே ஹோர்ன் வயரைத் தொடுவது நல்லது. இந்தக் காரில் பற்றறி இருப்பது முன்னால் அல்ல, பின் டிக்கிக்குள்.

என்னுடைய காரில் இப்போது சாரதி இருக்கைதான் துணியும் றெக்சினுமாக மாறியிருக்கிறது. அது ஒரு மாரியைத் தாண்டும்வரை இடப்பக்க இருக்கை பழைய உறையோடேயே இருக்கும்.